தர்ம நிதியைக் கொடுத்தலும் கொடுத்தபின் காத்தலும்

கூட்டுறவு நாணயச் சங்கத்தின் அங்கத்தினர் யாவரும் கடன் கொடுக்கும் முறையை அறிவர். மனு வருகிறது. மனுதாரருடைய நிலம், பழைய பாக்கி, ஜாமீன்தாரர் ஆகிய விவரங்களை நிர்வாக சபையார் விசாரிக்கின்றனர். தவணை குறிக்கப்படுகிறது. பணம் எந்தக் காரியத்துக்காக வாங்கப்பட்டதோ அந்தக் காரியத்துக்கே செலவாயிற்றா என்று பின்னர் பார்க்கப்படுகிறது. விதைக்கென்று வாங்கிய பணத்தை ஒருவர் கலியாணத்தில் செலவிட்டுவிட்டாரானால், அறுவடைக்குப் பின் தவணை தவறும்போது அச்செய்தி தானாகவே வெளிப்பட்டுவிடும். பேரேட்டில் பாக்கி நிற்கும், காரியதரிசி கேட்பார், தணிக்கையாளர் குறிப்பு எழுதுவார். தவணை தவறுதல் என்பது கடனோடு கட்டிவைத்த ஒரு மணியைப் போன்றது. எங்கேனும் கோளாறு நேர்ந்தால் அது ஒலிக்கும்.

தர்மமாகக் கொடுக்கும் தொகைக்கு இந்த மணி கிடையாது. கொடுத்த அன்றே செலவு எழுதப்பட்டுக் கணக்கு முடிந்துவிடுகிறது. அத்தொகை நல்ல வழியில் செலவாகியிருக்கலாம். தவறான யோசனையால் வீணாகியிருக்கலாம். ஒருவருடைய மடியிலேயே தங்கியிருக்கவும் கூடும். கொடுத்தவருடைய புத்தகத்தில் மூன்றுக்கும் ஒரே வரிதான். திருப்பித் தரவேண்டியதில்லை என்ற காரணத்தால் தர்மப் பணத்துக்கு விசாரணை குறைவாய் இருக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர் விரோதமானது. திரும்பி வராத பணத்துக்கே விசாரணை அதிகம் வேண்டும். கடனுக்கு இயல்பாகவே அமைந்துள்ள காவலை, தர்மத்துக்கு மனிதர்தாம் முயன்று அமைக்க வேண்டும். சொற்பமான நிதியும், சம்பளமில்லாத சில நிர்வாகஸ்தர்களும் மாத்திரமே உள்ள ஒரு சிறிய தர்ம ஸ்தாபனம் இதை எவ்வாறு செய்யக் கூடும் என்பதே இப்பாடத்தின் விஷயம்.

சங்கங்களுக்கும் இவ்விஷயத்துக்கும் உள்ள சம்பந்தம் பழமையானது. 1912-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி, ஒரு சங்கம் தன் நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேம நிதிக்கு எடுத்து வைத்தபின், ரிஜிஸ்திராருடைய அனுமதி பெற்று, மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைத் தர்ம காரியத்துக்குக் கொடுக்கலாம். நிகர லாபம் 4,00,000 ரூபாயானால் சேம நிதிக்கு 1,00,000 ரூபாய் போக மீதி 3,00,000. அதில் பத்தில் ஒன்று 30,000 ரூபாய். தர்ம காரியம் இன்னதென்பதை 1890-ம் வருஷத்துத் தர்ம சொத்துச் சட்டத்தைக் கொண்டு தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அப்பிரிவு கூறிற்று. ஏழைகளுக்கு நிவாரணம், கல்வி, வைத்திய உதவி, பொது ஜனங்களுக்குப் பயன்படும் பிற காரியங்கள் ஆகியவை அதில் அடங்கும்; மத போதனையும் வழிபாடும் மட்டுமே நோக்கமாயுள்ளவை அடங்கா. தமிழ்நாட்டில் இப்போது வழங்கும் 1983-ம் வருஷத்துச் சட்டமும் அதன் விதிகளும் வேறாதலால், இக்காலத்துச் சங்கங்கள் தங்கள் துணை விதிகளைப் பார்த்தே நடக்க வேண்டும். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எவ்வளவு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாம், யாருடைய அனுமதி வேண்டும் என்றெல்லாம் அப்பழைய பிரிவு சொல்லிற்று. கொடுத்த பணம் பிறகு என்னவாயிற்று என்று பார்க்கும் முறையை அது சொல்லவில்லை. அந்த இடத்தை நிரப்புவது கொடுப்பவருடைய கடமையாக விடப்பட்டது.

நம் நாட்டார் இதை அறியாதவர்கள் அல்லர். காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய வருஷங்களில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆட்களைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. உறவினரையும் சேர்த்து விலக்கியது இக்காலத்தாருக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆயினும், ஒரே ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்கிறவர்கள் ஒருவரையொருவர் கணக்குக் கேட்பது எவ்வளவு சங்கடமான காரியம் என்பதை அவ்விதியை எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

இனி, தர்மபுரி ஜில்லாவில் நடக்கக்கூடிய ஒரு காரியத்தை உதாரணமாக வைத்துக்கொண்டு பார்ப்போம். 1965-ம் வருஷத்தில் சேலத்திலிருந்து பிரிந்து, 2004-ம் வருஷத்தில் கிருஷ்ணகிரியைத் தனி ஜில்லாவாகப் பிரித்துக் கொடுத்த இந்த ஜில்லா, வானம் பார்த்த பூமி அதிகமுள்ளது. காவிரி ஒகேனக்கல்லில் விழுந்து ஓடினாலும், மேட்டுப் பாங்கான ஊர்களுக்கு அந்நீர் தானே ஏறி வருவதில்லை. பாறைக்குக் கீழே ஆழத்தில் உள்ள நீரிலோ பல இடங்களில் புளோரைடு என்னும் உப்பு மிகுதியாகக் கலந்துள்ளது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் விரும்பத்தக்கதன்று என்றும், வேறு நீர் கிடையாதபோதும் 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அளவு மிஞ்சிய நீரை வருஷக்கணக்கில் குடித்த குழந்தைகளின் பற்களில் வெண்மையாகவும் பழுப்பாகவும் கறை விழுகிறது. இன்னும் மிகுதியானால் பெரியவர்களுக்கு முதுகும் மூட்டுகளும் விறைத்துப் போகின்றன. நீரைக் காய்ச்சினால் இவ்வுப்பு நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால், மீந்த நீரில் அதன் அளவு கூடவே செய்யும். இக்கேட்டை நீக்கும் பொருட்டே, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ம் வருஷத்தில் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்வோம். அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஆழ்துளைக் கிணறு ஒன்று போட்டு மோட்டார் வைப்பதற்கு 1,50,000 ரூபாய் வேண்டுமென்று ஊரார் சிலர் ஒரு சிறிய தர்ம நிதிக்கு மனுச் செய்கிறார்கள். அந்த நிதியின் வருஷ வருமானம் முழுவதுமே நாலு லட்சத்துக்கு உட்பட்டது. கோரிக்கை நியாயமானது, குழந்தைகள் தண்ணீருக்குத் தவிக்கிறார்கள், மனுவில் பதினெட்டுக் கையெழுத்துகள் உள்ளன. இரக்கமுள்ள நிர்வாகஸ்தர்கள் அன்று மாலையே தீர்மானம் எழுதிவிடுவார்கள். ஆனால் விசாரணை செய்யத் தெரிந்தவர்கள், மனுவில் எழுதியிருப்பதைக் காட்டிலும் எழுதாது விட்டதையே முதலில் பார்ப்பார்கள்.

கிணறு போடும் இடம் யாருடைய பட்டாவில் இருக்கிறது? புறம்போக்கானால் ஊராட்சியின் தீர்மானம் உண்டா? தனியார் நிலமானால், நாளைக்கு அவர் வேலி போட்டுக்கொண்டால் குழந்தைகள் எங்கே போவார்கள்? மின்சாரக் கட்டணத்தைக் கட்டுபவர் யார்? மோட்டார் எரிந்துபோனால் ரிப்பேருக்குப் பணம் எங்கிருந்து வரும்? இதே காரியத்துக்காக வேறு யாரிடமேனும் மனுச் செய்திருக்கிறார்களா? ஒகேனக்கல் குழாய் அவ்வூருக்கு வந்திருக்கிறதா, வந்தும் நீர் ஏறவில்லையா, அப்படியானால் ஏன்? இக்கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால், சில சமயம் ஒன்றரை லட்ச ரூபாய்க் காரியம் சில ஆயிரங்களிலேயே முடிந்துவிடும். இருக்கிற குழாயைச் சீர்செய்வது புதுக் கிணறு போடுவதைப் போல் பெயர் வாங்கித் தருவதில்லை. அதனாலேயே அதைக் கேட்டு மனுக்கள் அதிகம் வருவதில்லை.

இக்கேள்விகளுக்குக் கடிதப் போக்குவரத்தால் மட்டும் விடை காண்பது அரிது. நிதியின் சார்பில் இருவர் நேரில் போக வேண்டும். ஒருவர் போவது போதாது. ஒரே கண் பார்த்ததை மற்றொரு கண் சரிபார்க்க வேண்டும். போகும் நேரமும் முக்கியம். நடுப்பகலில் போனால் பந்தலும் மோருமாக உபசாரம் நடக்கும்; காலையில் பெண்கள் குடத்தோடு நிற்கும் வேளையில் போனால் விஷயம் தெரியும். ஊர்ப் பெரியவர்களோடு பேசியபின், அவர்கள் இல்லாத இடத்தில் தண்ணீர் எடுப்பவர்களோடும் பேச வேண்டும். எல்லாத் தெருவாரும் அந்த இடத்துக்கு வந்து நீர் எடுக்க முடியுமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் திரும்பலாகாது. ஜில்லாவின் பல பாகங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் இருப்பதால், அப்பாஷை தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம். இதற்கு ஆகும் பஸ் சார்ஜையும் சாப்பாட்டுச் செலவையும் வீண் செலவென்று சில நிர்வாகஸ்தர்கள் பெருமையோடு மறுத்துவிடுவதுண்டு. ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடித்து ஒன்றரை லட்சத்தைக் கண்மூடி விடுவது சிக்கனமாகாது.

நேரில் போனவர்கள் செய்ய வேண்டிய மற்றொரு காரியம், பக்கத்திலுள்ள இரண்டு மூன்று ஆழ்துளைக் கிணறுகளின் நீரைப் பாட்டில்களில் எடுத்து, எந்தக் கிணற்று நீர் என்று சீட்டு ஒட்டிக் கொண்டுவருவது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தாருக்கு ஜில்லாவில் நீர் பரிசோதனைச் சாலை உண்டு. அக்கம் பக்கத்து ஆழமான கிணறுகளில் புளோரைடு மிகுந்திருக்குமாயின், அதே பாறையில் போடும் புதுக் கிணற்றிலும் அப்படியே இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்க வேண்டும். அப்போது பணம் கொடுத்துக் குழந்தைகளின் பல்லையும் எலும்பையும் கெடுத்தவராக நிர்வாகஸ்தர்கள் ஆவார்கள்.

இது வெறும் அச்சமன்று. வங்காள தேசத்தில் இவ்விதமே பெரிய அளவில் நடந்தது. அங்கே குளத்து நீரைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மிகுதியாக இறந்தமையால், 1970-ஐ அடுத்த வருஷங்களிலிருந்து ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியாரும் அந்நாட்டுச் சர்க்காரும் ஊர்தோறும் குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். நோக்கம் உயர்ந்தது, வேலையும் விரைவாய் நடந்தது. எத்தனை கிணறுகள் இறக்கப்பட்டன என்ற எண்ணிக்கை ஒவ்வொரு வருஷமும் ஏறியது. ஆனால் பாஷாணமாகிய ஆர்சனிக் நீரில் உண்டா என்று பார்ப்பது அக்காலத்தில் வழக்கமான பரிசோதனையில் சேர்ந்திருக்கவில்லை. 1992-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் பூதத்துவ ஆராய்ச்சியார் அந்நாட்டு நிலத்தடி நீரைச் சோதித்து அறிக்கை வெளியிட்டபோதும் ஆர்சனிக்கைச் சோதிக்கவில்லை. 1993-ல் அந்த விஷம் கிணற்று நீரில் இருப்பது அங்கே கண்டறியப்பட்டது. பின்னர் லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து, விஷமுள்ளவற்றின் வாயில் சிவப்பு வர்ணமும் நல்லவற்றுக்குப் பச்சை வர்ணமும் பூசினார்கள். நோயுற்ற ஒருவர் அந்த ஆராய்ச்சியார் மேல் இங்கிலாந்தில் தொடுத்த வழக்கு, சட்டப்படி அவர்களுக்கு அவரிடத்தில் கடமை இல்லையென்று 2006-ம் வருஷத்தில் பிரபுக்கள் சபையில் தள்ளுபடியாயிற்று. சட்டத்தின் முடிவு எதுவாயினும், நிதி நடத்துவோர் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. அங்கே பணம் திருடு போகவில்லை. ரசீதுகள் எல்லாம் சரியாகவே இருந்திருக்கலாம். கிணறுகளை எண்ணினார்கள், அந்த நீரைக் குடித்தவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை யாரும் வெகுகாலம் எண்ணவில்லை.

எதை எண்ணுவது என்பதற்கு நல்ல உதாரணம் தர்மபுரி ஜில்லாவிலேயே உண்டு. அரூர் தாலூகாவில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி ஆகிய இருவரும் 1993-ம் வருஷத்தில் ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியசாலை தொடங்கினர். அக்காலத்தில் அப்பள்ளத்தாக்கில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது நிரம்பாமுன் இறந்தன என்று கணக்கிட்டனர். மலைவாசிப் பெண்களையே தேர்ந்து பயிற்சி கொடுத்து, ஊர் ஊராகக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்துவரச் செய்தனர். பின் வந்த வருஷங்களில் அந்த எண் 30-க்கும் கீழே இறங்கிற்று. இந்த வேலைக்குப் பணம் கொடுத்த ஒருவர், எத்தனை கட்டில் வாங்கினீர்கள், எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும் விடை சிறியது. எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை பிழைத்தன என்ற கணக்கோ, கொடுத்தவருக்காக மட்டும் எழுதப்படுவதன்று. எந்த ஊரில் இன்னும் மரணம் குறையவில்லை, எந்த ஊருக்கு அடுத்த மாதம் அதிகம் போக வேண்டும் என்பதை வேலை செய்கிறவர்களுக்கே அது தெரிவிக்கிறது. பெறுகிறவருக்கும் உபயோகப்படும் கணக்கையே கொடுப்பவர் கேட்க வேண்டும். அத்தகைய கணக்கு பொய்யாக எழுதப்படுவது குறைவு. பொய்யாக எழுதினால் முதலில் கெடுவது அவர்களுடைய வேலையே.

மேற்பார்வையை யார் செய்வது என்ற கேள்வி சிறிய ஸ்தாபனங்களில் எப்போதும் எழும். எல்லோருக்கும் பொறுப்பு என்று விட்டால் ஒருவருக்கும் பொறுப்பில்லாமற் போகும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் 1991-ம் வருஷத்தில் ஏற்படுத்திய ஆஷா என்னும் கல்வித் தொண்டு ஸ்தாபனம் இதற்கு ஓர் எளிய வழியைக் கைக்கொண்டு வருகிறது. அதன் கிளைகளை நடத்துவோர் சம்பளம் பெறாத தொண்டர்கள். இந்தியாவிலுள்ள பள்ளிகளும் சங்கங்களும் அனுப்பும் மனுக்களைக் கிளைக் கூட்டத்தில் எல்லோரும் படித்து, கேள்விகள் எழுதி அனுப்பி, விடை வந்தபின் வாக்கெடுத்து முடிவு செய்கின்றனர். உதவி பெறும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொண்டர் பொறுப்பாளராகிறார். கடிதம் எழுதுவதும், அறிக்கை வாங்கிப் படிப்பதும், கூட்டத்தில் நிலைமையைச் சொல்வதும் அவர் வேலை. தொண்டர்கள் இந்தியாவுக்கு வரும்போது அந்த இடங்களுக்குப் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதுகின்றனர். அக்குறிப்புகள் யாவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. கடல் கடந்து இருப்பவர்களுக்கு இது இயலுமானால், பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்திலுள்ளவர்களுக்கு இயலாதென்று சொல்வதற்கில்லை. பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறவர், மனுச் செய்தவர்களுக்கு உறவினராகவோ, அவ்வேலையில் சாமான் விற்பவராகவோ இருக்கலாகாது. நிர்வாகஸ்தர் எவருக்கேனும் அவ்வித சம்பந்தம் இருந்தால், அதை அவர் தாமே சொல்லிவிட்டு, அவ்விஷயம் பேசி முடியும்வரை வெளியே இருக்க வேண்டும். அவர் வெளியே போனதும் மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும். இதில் அவமானம் ஒன்றுமில்லை.

முடிவு செய்தபின் அதை உடனே தெரிவிக்க வேண்டும். இல்லை என்பதானாலும் காரணத்தோடு சீக்கிரம் சொல்வதே மரியாதை. தை மாதத்தில் கேட்டவருக்கு ஆடியில் இல்லை என்று எழுதினால், அதற்குள் அவர் வேறிடத்தில் கேட்கும் சந்தர்ப்பத்தையும் இழந்திருப்பார். கொடுப்பதென்று முடிவானால் ஒரு பக்கத்தில் அடங்கும் உடன்படிக்கை போதும். எந்தக் காரியத்துக்கு, எவ்வளவு, எத்தனை தவணையில், ஒவ்வொரு தவணைக்கும் முன் எது காட்டப்பட வேண்டும், திட்டத்தை மாற்ற நேர்ந்தால் யாரைக் கேட்க வேண்டும், மீந்த பணம் யாரைச் சேரும் என்பவை அதில் தெளிவாக இருந்தால், பின்னர் வரும் மனஸ்தாபங்களில் பெரும்பகுதி எழாது.

தவணை முறையின் அருமை இங்கேதான் விளங்கும். நம் உதாரணத்தில், கிணறு தோண்டுவதற்கு மட்டும் முதல் தவணை. தோண்டியபின் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, அளவுச் சீட்டு வந்தபிறகே மோட்டாருக்கும் தொட்டிக்கும் இரண்டாம் தவணை. அளவு 1.5-ஐத் தாண்டினால் அந்தக் கிணற்றைக் குடிக்கப் பயன்படுத்துவதில்லை என்று ஊராரோடு பேசி, கழுவுவதற்கும் செடிக்கும் கைப்பம்பு வைத்து, மீதிப் பணத்தைப் பள்ளிக்கூட மாடியில் விழும் மழை நீரைச் சேமிக்கும் தொட்டிக்கோ, ஒகேனக்கல் நீரைக் கொண்டுவரும் கிளைக் குழாய்க்கோ திருப்பலாம். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்திருந்தால் மோட்டார் வாங்கப்பட்டிருக்கும். வாங்கிய மோட்டாரை ஓட்டாமல் இருக்க எந்த ஊராருக்கும் மனம் வராது. தவணைகளுக்கு இடையில் வெறும் காகிதத்தை நிறுத்தாமல் இவ்வாறு ஓர் உண்மைச் செய்தியை நிறுத்த வேண்டும்.

கணக்கு விஷயத்தில் சங்க அங்கத்தினர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவது அதிகமில்லை. அத்தொகைக்கெனத் தனிப் பற்று வரவு, கூடியமட்டும் பாங்கி மூலம் பட்டுவாடா, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, இருவர் கையெழுத்து. எண்ணூறு அடி தோண்டியதாக ரசீது இருந்தால், எண்ணூறு அடி தோண்டியபோது அங்கே நின்றவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்பது தவறாகாது.

ஆனால் கணக்குக் கேட்பதிலும் அளவு உண்டு. பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவுக்கு 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின்கீழ் விதிகள் உள்ளன. அவற்றிலும், பயன் மதிப்பீடு என்னும் தனி ஆராய்ச்சி, சராசரியாக 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவிடக் கடமைப்பட்ட கம்பெனிகள் 1 கோடி ரூபாய்க்குக் குறையாமல் செலவிட்ட வேலைகளுக்கே 2021-ம் வருஷம் முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அவ்வளவு பெரியவர்களுக்கே வரம்பு இருக்கையில், முப்பதாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு மாதந்தோறும் பன்னிரண்டு நமூனாக்களை நிரப்பச் சொல்வது கொடுமை. பகலெல்லாம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லி, இரவில் விளக்கடியில் உட்கார்ந்து நமூனா நிரப்பும் உபாத்தியாயினிக்கு அந்தத் தர்மம் சுமையாகவே தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், வருஷத்துக்கு ஒரு கணக்கு, ஒரு முறையேனும் நேரில் பார்வை என்ற அளவே சிறிய தொகைகளுக்குத் தகும். அந்நிய நாட்டுப் பணமானால் சர்க்கார் விதி தனி. 2020-ம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின், அந்நிய நன்கொடையைப் பெற்ற ஸ்தாபனம் அதை வேறொரு ஸ்தாபனத்துக்குக் கொடுப்பது விலக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் அவ்வித பணத்தை உள்ளூர்த் தர்ம நிதியோடு கலக்கவே கூடாது.

காரியம் கெட்டுப் போகும் சமயம் வருமே, அப்போது என்ன செய்வது? மூன்று நிலைகளைப் பிரித்து அறிய வேண்டும். மழை பொய்த்துத் தோண்டிய இடத்தில் நீர் வரவில்லை என்பது ஒன்று; அது எவருடைய குற்றமுமன்று. வேலை தெரியாமையால் தாமதமும் வீண் செலவும் ஏற்பட்டன என்பது மற்றொன்று. அதற்கு வேண்டியது உதவியும் யோசனையும். பணம் வேறு வழியில் போயிற்று என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே கண்ணால் பார்த்து, கெட்ட செய்தி வந்தவுடன் பணத்தை நிறுத்திவிடும் நிதிக்கு, அடுத்த வருஷம் முதல் கெட்ட செய்தியே வராது. எல்லாக் கடிதங்களிலும் காரியம் செவ்வனே நடந்துவருவதாகவே எழுதப்பட்டிருக்கும். நீர் வரவில்லை என்று தாமே முந்தி எழுதியவரை நம்பி மறுபடியும் கொடுப்பது, அந்த நிதி செய்யக்கூடிய மேற்பார்வைகளில் சிறந்தது. மூன்றாவது வகையில் மட்டும் தயை கூடாது. அடுத்த தவணையை நிறுத்தி, எழுத்து மூலம் விளக்கம் கேட்டு, ஊரார் கூடிய இடத்தில் கணக்கைப் படிக்கச் சொல்ல வேண்டும். போலீஸுக்குப் போவதற்கு முன்பே, பல இடங்களில் இந்தப் பகிரங்க வாசிப்பு பணத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

இவ்வளவும் பெறுபவருக்கு மட்டும் உரியதென்று எண்ணலாகாது. நிதி நடத்துவோரும் வருஷாந்தரப் பொதுக் கூட்டத்தில் தங்கள் கொடைகளின் ஜாபிதாவைப் படிக்கக் கடமைப்பட்டவர்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற பத்தியோடு, யார் நேரில் போய்ப் பார்த்தார், என்றைக்கு, என்ன கண்டார் என்ற மூன்று பத்திகளும் அந்த ஜாபிதாவில் இருக்க வேண்டும். இல்லையென்று மறுத்த மனுக்களின் தொகையும் காரணமும் அதில் வந்தால், நிர்வாகஸ்தருக்கு வேண்டியவர்களுக்கே கொடுக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இடமிராது. பலிக்காத காரியங்களை முதலில் படித்துவிடுவது நல்லது. கடைசியில் வைத்தால் காபி வந்துவிடும்.

கடைசிப் பணம் கொடுத்து ஒரு வருஷம் சென்றபின் பொறுப்பாளர் இன்னொரு முறை அவ்வூருக்குப் போக வேண்டும். திறப்பு விழாவன்று எல்லா மோட்டாரும் ஓடும். ஒரு கோடை கழிந்தபின் போய், மோட்டார் ஓடுகிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, மின்சாரச் சீட்டில் பாக்கி உண்டா, நீர்ப் பரிசோதனை மறுபடியும் நடந்ததா என்று பார்த்து, அந்த நாலு விடைகளையும் பழைய மனுவின் பின்புறத்திலேயே எழுதிக் கட்டில் சேர்க்க வேண்டும். அடுத்து வேறோர் ஊரிலிருந்து கிணற்றுக்கு மனு வரும்போது நிர்வாகஸ்தர்கள் முதலில் அவிழ்த்துப் பார்க்க வேண்டியது அந்தக் கட்டையே.